தண்டையார்பேட்டையிலிருந்து ஹனோய் வரை: முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு கணக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது இருபத்தைந்து, வீடு தண்டையார்பேட்டை, இதுவரை கடவுச்சீட்டு எடுத்ததில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் ஏலச்சீட்டில் வந்ததுமாகக் கையில் 90,000 ரூபாய் இருக்கிறது. வரும் மார்ச் மாதத்தில் பன்னிரண்டு இரவுகள் முதுகில் ஒரு பையோடு வியட்நாம் சுற்ற வேண்டும். ஹனோய், சாபா, ஹாலோங், நின் பின், ஹியூ, தா நாங், ஹோய் ஆன், தலாத், சைகோன், மேகோங் ஆற்றுப்படுகை என்று பத்து இடங்கள் பட்டியலில் இருக்கின்றன. பணம் போதுமா, போதாவிட்டால் நண்பர் கடனாகத் தருவதாகச் சொல்லும் 40,000 ரூபாயை வாங்கலாமா, பயப்படும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பவை உங்கள் கேள்விகள்.

பணம் போதும், ஆனால் நான்கு ஊர்களுக்குத்தான் போதும். பத்து ஊர்களுக்குப் போதாது. கடன் வாங்க வேண்டாம். ராயபுரத்தில் பிறந்து, சம்பளக்காரனாகவே இருந்துகொண்டு, பல ஆண்டுகளாக இப்படிப் பை தூக்கி அலைந்தவன் என்ற முறையிலும், வியட்நாமுக்கு மட்டும் மூன்று முறை சென்று வந்தவன் என்ற முறையிலும் இதை உறுதியாகச் சொல்கிறேன். திரும்பி வந்த மாதத்திலிருந்தே தவணை கட்ட வேண்டும் என்ற நினைப்போடு போகிறவர், அங்கே ஒவ்வொரு இளநீருக்கும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நடப்பார்.

பத்து ஊர்கள் ஏன் கூடாது என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் முதன்முறை போகிறவர்களின் பட்ஜெட் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஓட்டையாகிறது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மாறும் நாளில் பஸ் அல்லது ரயில் கட்டணம் மட்டும் செலவாவதில்லை. விடுதியிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஒரு வண்டி, இறங்கிய இடத்திலிருந்து புது விடுதிக்கு ஒரு வண்டி, நடுவில் நெடுஞ்சாலை உணவகத்தில் இரு மடங்கு விலையில் ஒரு சாப்பாடு, அறை திறக்கும் நேரம் வரை உட்கார்ந்திருக்க ஒரு காபி என்று சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் 1,500 முதல் 3,500 ரூபாய் வரை போய்விடும். அரை நாளும் போய்விடும். ஒரே ஊரில் நான்கு நாள் இருப்பவருக்கு இரண்டாம் நாளே எந்தக் கடையில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிறார்கள், எந்த பஸ் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். செலவு தானாக இறங்கும். வியட்நாம் வடக்கு தெற்காக நீண்ட நாடு. ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதையின் நீளம் 1,726 கிலோமீட்டர். பன்னிரண்டு நாளில் அதை முழுதும் கடக்க நினைத்தால் நீங்கள் பார்ப்பது ஜன்னலைத்தான். நாட்டில் ஒரு பாதியை இம்முறை பார்த்துவிட்டு, மறுபாதியை அடுத்த முறைக்கு வையுங்கள்.

நான் பரிந்துரைக்கும் வழி வடக்கும் நடுப்பகுதியும். ஹனோயில் இறங்கி மூன்று இரவு; நின் பின்னில் இரண்டு இரவு; அங்கிருந்தே ரயில் ஏறி ஓர் இரவுப் பயணம்; ஹியூவில் இரண்டு இரவு; ஹோய் ஆனில் நான்கு இரவு; பக்கத்தில் இருக்கும் தா நாங் விமான நிலையத்திலிருந்து வீடு. நின் பின் ஹனோயிலிருந்து தெற்கே 115 கிலோமீட்டரில், அதே ரயில் பாதையில் இருப்பதால், ஹனோய்க்குத் திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை. ஹாலோங் விரிகுடாவை விடச் சொல்கிறேனே என்று வருத்தப்பட வேண்டாம். அங்கே கடலுக்குள் நிற்கும் அதே வகைச் சுண்ணாம்புக்கல் மலைகள், நின் பின்னில் டிராங் ஆன் என்ற இடத்தில் ஆற்றுக்குள் நிற்கின்றன; பெண்கள் துடுப்புப் போட்டு, குகைகளுக்குள் நுழைந்து வெளியே வரும் படகில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் போகலாம். ஹாலோங்கில் ஒரு நாள் கப்பல் சுற்றுக்குக் கொடுக்கும் பணத்தைவிட இதற்கு மிகக் குறைவாகவே ஆகும். ஹியூவிலிருந்து தா நாங் வரை ரயிலிலேயே செல்லுங்கள். தெற்கே போகும் வண்டியில் இடப்பக்க ஜன்னல் கிடைத்தால், ஹாய் வான் கணவாயில் மலையைச் சுற்றி ரயில் ஊர்ந்து போகும்போது கீழே கடல் தெரியும். அந்தப் பயணச்சீட்டு நம் காசுக்குச் சுமார் நானூறு ரூபாய்தான். நான் மூன்று முறையும் அந்தப் பாதையில் போனேன், இன்னொரு முறையும் போவேன்.

ஹோய் ஆனில் நான்கு இரவு வைத்ததற்கு ஒரு காரணம் மி சன். அங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், சாம்பா என்ற பழைய நாட்டின் அரசர்கள் கட்டிய செங்கல் கோயில்கள் இருக்கின்றன. நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் அங்கே சிவனுக்குப் பத்ரேஸ்வரர் என்ற பெயரில் கோயில் எழுப்பினான். அதன் பிறகு பல நூற்றாண்டுகள் அங்கே கோயில்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிக உயர்ந்த கோபுரம் சிதைந்துபோனது. குண்டு விழுந்த பள்ளங்களை இன்றும் பார்க்கலாம். 1999இல் ஹோய் ஆனோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. திருவொற்றியூர் கோயிலுக்குப் பிரதோஷத்துக்குப் போய்ப் பழகிய ஒருவருக்கு, அவ்வளவு தொலைவில், ஆவுடையாரும் நந்தியும் கூரையில்லாமல் வெயிலில் இருப்பதைப் பார்க்கும்போது ஏற்படும் உணர்வை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. அதிகாலையில் போங்கள், பத்து மணிக்குமேல் கூட்டமும் வெயிலும் ஒன்றாக வந்துவிடும். அங்கே கிடைத்த சிலைகளில் பல, தா நாங்கில் 1919இல் திறக்கப்பட்ட சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; விமானம் ஏறும் நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

மார்ச் நல்ல மாதம். ஹியூ, ஹோய் ஆன் பக்கம் அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வரும்; ஜனவரி இருபத்தொன்றுக்கும் பிப்ரவரி இருபதுக்கும் இடையே வரும் தெத் என்ற அவர்களுடைய புத்தாண்டில், பொங்கலுக்கு நம் ஊர் பஸ்கள் நிரம்புவதைப்போல எல்லாம் நிரம்பி, கடைகளும் மூடியிருக்கும். மார்ச்சில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

இனிக் கணக்கு. இவை என் அனுபவத்திலிருந்து நான் போடும் மதிப்பீடுகள். பத்து விழுக்காடு ஏறலாம், இறங்கலாம். விமானம் போக வர, இரண்டு மூன்று மாதம் முன்னதாக எடுத்தால், 26,000 ரூபாய். விசாவும் அதற்கான வங்கிக் கட்டணமும் 2,300. பயணக் காப்பீடு 1,200. விடுதியில் பொது அறைப் படுக்கை இரவுக்கு 600 வீதம் பதினொரு இரவுக்கு 6,600. நின் பின்னிலிருந்து ஹியூவுக்கு ரயில் படுக்கை 3,000. மற்ற ஊர்விட்டு ஊர்ப் பயணங்களுக்கு 4,000. சாப்பாடு நாளுக்கு 900 வீதம் பன்னிரண்டு நாளுக்கு 10,800. படகு, கோட்டை, கோயில், அருங்காட்சியக நுழைவுச் சீட்டுகள் 5,000. சிம் கார்டு 700. ஊருக்குள் சுற்ற 3,500. இதுவரை 63,100 ஆகிறது. கடவுச்சீட்டுக் கட்டணம், பை, செருப்பு, துணி என்று புறப்படும் முன் 6,500 சேருங்கள். ஆக 69,600. இதன்மேல் 12,000 ரூபாயை, இல்லாத பணமாக நினைத்துத் தனியாக வையுங்கள்: காய்ச்சல், தவறவிட்ட ரயில், திடீரென்று தேதி மாற்றி வாங்க வேண்டிய விமானச் சீட்டு இவற்றுக்கு மட்டும். மொத்தம் 81,600. மீதி 8,400 வீட்டிலேயே வங்கிக் கணக்கில் இருக்கட்டும். திரும்பி வந்த மாதத்தின் சீட்டுத் தவணைக்கு அது வேண்டும்.

சாப்பாட்டுக்கு 900 என்பது குறைவாகத் தோன்றலாம். அந்த நாட்டு நாணயம் டாங்; இன்றைய நிலையில் ஒரு லட்சம் டாங் என்பது சுமார் 340 ரூபாய். தெருவோரக் கடையில் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் ஒரு கிண்ணம் 50,000 டாங், பான் மி என்ற ரொட்டி 25,000, காபி 30,000 என்ற அளவில் இருக்கும். மூன்று வேளையும் பழமும் தண்ணீரும் சேர்த்து 700க்குள் அடங்கும், மிச்சம் ஆசைக்கு. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ தின்று வளர்ந்த நமக்கு நூடுல்ஸும் சூப்பும் புதிதல்ல. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் நம் பகுதிக்குக் கொடுத்த நாக்கு அது. செவ்வாய், வெள்ளி சைவம் என்றால் 'சாய்' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தச் சொல் எழுதிய பலகை மாட்டிய கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. மற்றக் கடைகளில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள்.

வேலையை இன்றே தொடங்க வேண்டிய இடம் கடவுச்சீட்டு. முப்பத்தாறு பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. உங்களுக்கு நேரம் இருக்கிறது, தட்கல் வேண்டாம். வாடகை வீடு மாறியும் ஆதாரில் பழைய முகவரியே இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். போலீஸ் விசாரணைக்கு வருபவர் பழைய தெருவில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார். அதைவிட முக்கியமானது பெயர். நம்மில் பெரும்பாலோருக்கு இனிஷியல்தான் உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் இனிஷியலை ஏற்கமாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். அப்போது குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிடுபவர்கள் பிற்பாடு விமானச் சீட்டு எடுக்கும்போதும் விசாப் படிவம் நிரப்பும்போதும், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகராது என்பதால், தவிக்கிறார்கள். நீங்கள் புதிதாக எடுப்பதால் உங்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் உங்கள் பெயரை அடுத்த கட்டத்திலும் எழுதிவிடுங்கள். என் உறவுக்காரப் பையன் ஒருவன் காலியாக விட்டதால், ஒவ்வொரு பயணத்துக்கும் முன் விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, பெயரை எப்படிப் பதிவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

விசா எளிது. வியட்நாம் அரசு 2023 ஆகஸ்ட் முதல் தொண்ணூறு நாள் வரை இ-விசா தருகிறது. ஒருமுறை நுழைய 25 டாலர். அரசுத் தளத்தின் முகவரி ஜி-ஓ-வி புள்ளி வி-என் என்றுதான் முடியும். தேடினால் முதலில் வந்து நிற்கும் தளங்களில் பல, அரசு முத்திரை போன்ற படத்தைப் போட்டுக்கொண்டு மூன்று மடங்கு வாங்கும் தரகர்களுடையவை. பெயரும் எண்ணும் கடவுச்சீட்டில் உள்ளபடி ஓர் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். கட்டிய பணம் திரும்பாது. எந்த விமான நிலையம் வழியாக நுழைவீர்கள் என்றும் கேட்பார்கள், ஹனோயின் நொய் பாய் என்று குறிப்பிடுங்கள். புறப்படும் நாளுக்கு மூன்று வாரம் முன்பு விண்ணப்பித்தால் பதற்றம் இருக்காது. வந்ததும் இரண்டு தாள் அச்செடுங்கள்.

விமானச் சீட்டில் ஓர் எச்சரிக்கை. கோலாலம்பூர், பாங்காக் போன்ற ஊர்களில் மாறிச் செல்லும் சீட்டுகள் மலிவாகக் கிடைக்கும். அவை ஒரே பதிவில் இருக்கின்றனவா, இரண்டு தனிச் சீட்டுகளா என்று பாருங்கள். தனிச் சீட்டுகள் என்றால் நடுவில் இருக்கும் நாட்டுக்குள் நுழைந்து, பையை எடுத்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அந்த நாட்டின் நுழைவு விதியும் உங்களுக்குப் பொருந்தும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்குக் கொடுத்த பணம் போனதுதான். முதல் பயணத்துக்கு 3,000 ரூபாய் கூடுதலானாலும் ஒரே பதிவில் எடுங்கள். ஹனோயில் இறங்கி தா நாங்கில் ஏறுவதுபோல ஒரே பதிவிலேயே எடுக்கலாம். தங்குமிடம் மட்டும் முதல் இரண்டு இரவுக்குப் போதும். மற்றவற்றை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பணத்தை மூன்று இடமாகப் பிரியுங்கள். 300 டாலர் நோட்டாக, ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையத்தில் ரசீதோடு வாங்குங்கள். மடிப்பு, கிறுக்கல், கிழிசல் இல்லாத நோட்டுகளாகக் கேளுங்கள், அங்கே பழைய நோட்டை ஏற்கத் தயங்குவார்கள். டாங்கை இங்கேயே வாங்க முயல வேண்டாம், விலை கட்டாது. மீதிக்கு இரண்டு கார்டுகள், இரண்டும் வேறு வேறு வங்கியுடையவை. புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் நீங்களே திறந்து, வரம்பு வைக்க வேண்டும். வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் ஓடிபி வரும் நம் ஊர் சிம் அங்கே வேலை செய்யாமல் போகலாம். ரோமிங்கையும் திறந்து வையுங்கள். கடையிலோ ஏடிஎம்மிலோ கணக்கை ரூபாயில் போடட்டுமா, டாங்கில் போடட்டுமா என்று இயந்திரம் கேட்டால், டாங் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை.

அந்த நாட்டு நோட்டைப் பற்றி நான் நேரில் கற்றது ஒன்று. இருபதாயிரம் டாங் நோட்டும் ஐந்து லட்சம் டாங் நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டுமே வழுவழுப்பான பிளாஸ்டிக், இரண்டிலும் ஹோ சி மின் முகம். ஹியூவில் ஒரு மாலை மங்கிய வெளிச்சத்தில், தள்ளுவண்டியில் அன்னாசி வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஐந்து லட்சத்தை நீட்டிவிட்டு நடந்துவிட்டேன். பத்து அடி போனதும் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். தன் இடுப்புப் பையிலிருந்து ஓர் இருபதாயிரத்தை எடுத்து, என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, சுண்ணாம்பும் சாறும் ஏறிய விரலால் பூஜ்யங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நான் கொடுத்தது 1,600 ரூபாய்க்கு மேல். பழத்தின் விலை எழுபது ரூபாய்கூட இல்லை. அன்றிரவே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நோட்டுகளைப் பையின் வேறு அறைக்கு மாற்றினேன். நீங்கள் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

பை நாற்பது லிட்டருக்கு மேல் வேண்டாம். இடுப்பில் கட்டும் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். மலிவு விமானங்களில் கைப்பை ஏழு கிலோதான். என் முதல் பயணத்தில் பதினொரு கிலோவோடு போய், ஒரு விமான நிறுவனத்தின் கவுன்டரில், பையின் விலையைவிட அதிகமாகக் கட்டணம் கட்டினேன். எம்.சி. ரோட்டில் சீக்கிரம் காயும் துணியில் இரண்டு பேன்ட், மூன்று டி-ஷர்ட் எடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், ஒன்றே ஒரு கிலோ வரும், துவைத்தால் இரண்டு நாள் காயாது. அடைத்த பையைத் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஏழுக்குள் வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிக்கொண்டு ராயபுரம் மேம்பாலத்திலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வரை நடந்து, திரும்பியும் நடந்து வாருங்கள். எந்தப் பட்டை தோளை அறுக்கிறது, எந்தப் பொருள் தேவையில்லை என்பது அந்த நடையில் தெரிந்துவிடும்.

வாடகை பைக் எடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விடுதிக்காரர்கள் எந்தக் கேள்வியும் கேட்காமல் சாவியைக் கொடுப்பார்கள். இந்தியா தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின்படி தரப்படுவதை. ஆகவே உங்கள் உரிமம் அங்கே செல்லாது. விபத்து நேர்ந்தால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். ஹோய் ஆனிலும் நின் பின்னிலும் சைக்கிள் போதும். நகரங்களில் கிராப் செயலியில் பைக் டாக்சி நம் ஊர் ஷேர் ஆட்டோ விலைக்கே வரும்.

அம்மாவிடம் "பயப்படாதே" என்று மட்டும் சொன்னால் பயம் போகாது. ஒரு தாளில் எழுதி, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுப் போங்கள்: எந்தத் தேதியில் எந்த ஊர், விடுதியின் பெயரும் தொலைபேசி எண்ணும், விமான எண்கள், கடவுச்சீட்டு நகல், காப்பீட்டு எண், ஹனோயில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண். நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னே என்பதையும் எழுதுங்கள். தினமும் நம் நேரப்படி இரவு எட்டு மணிக்கு அழைப்பேன் என்று சொல்லிவிட்டு, அதைத் தவறாமல் செய்யுங்கள். ரயிலில் இருக்கும் இரவு மட்டும் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். என் அம்மா அந்தத் தாளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டி, "இன்றைக்கு இவன் இங்கே இருக்கிறான்" என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது. உங்கள் பையிலும் அதே தாளின் நகல் இருக்கட்டும். அங்கே போலீசுக்கு 113, ஆம்புலன்சுக்கு 115.

போகும் நாளில் தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால், வண்டி மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். 2021இல் விம்கோ நகர் வரை பாதை வந்ததில் நம் பகுதிக்குக் கிடைத்த பெரிய வசதி அது. ஆனால் திரும்பும் விமானங்களில் பல நள்ளிரவுக்குமேல் வந்து சேரும், அப்போது மெட்ரோ ஓடாது. ஆகவே திரும்பி வரும்போது வாடகை வண்டிக்கு ஆயிரம் ரூபாயை நம் நோட்டாகவே பையின் அடியில் வைத்துக்கொண்டு போங்கள். வேலையில் சேரும் நாளுக்கும் விமானம் இறங்கும் நாளுக்கும் நடுவில் ஒரு முழு நாள் விடுப்பும் எழுதி வாங்கிவிடுங்கள்.